மலர்களுக்குப் பதிலாக

"அத யாரு போடச் சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. அவங்களே..."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? கனவுல வந்து சொன்னாரா?"

"நான் சொல்றதக் கொஞ்சம்..."

"'நினைவிழப்பு நோயுடன் துணிவோடு போராடி.' போராடினாராம்! புதன்கிழம விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு ரெண்டு முட்ட பொரிச்சாரு. ஒண்ணத் தின்னுட்டு ஒண்ண எனக்கு மூடி வச்சாரு. அடுப்ப அணைச்சாரு. நாய வெளிய விட்டாரு, திரும்ப உள்ள விட்டாரு. இதுதான் போராட்டமா?"

"அம்மா, ஒம்பதரைக்குக் கிளம்பணும். திரும்பு, ஜிப்ப இழுத்து விடறேன்."

வெர்னா திரும்பவில்லை. கறுப்பு உடையின் முதுகு திறந்து கிடக்க, மேசையில் விரித்திருந்த வெள்ளிக்கிழமைப் பத்திரிகையின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். மரண அறிவிப்புப் படத்தில் அவள் கணவர் ஆல்டன் யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அவருடைய வயது, எழுபத்தொன்று. ஐம்பத்தாறு வருடம் டன்னிங் துறையில் சிங்கி இறால் பிடித்தவர் என்பது. மனைவி பெயர், ஒரே மகள் கார்லீன் பெயர். கடைசி வரி: மலர்களுக்குப் பதிலாக நினைவிழப்பு நோயாளிகள் சங்கத்துக்கு நன்கொடை அனுப்புமாறு குடும்பத்தினர் வேண்டிக்கொள்கிறார்கள்.

"குடும்பத்தினர்னா யாரு? நானா? நாயா?"

"அடக்கம் பண்றவங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. 'அப்பாவுக்கு ஞாபகம் போயிருச்சாமே, ஊரெல்லாம் வருத்தப்படறாங்க, அதையும் சேத்துப் போட்டுரட்டுமா'ன்னு கேட்டுது."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாம எப்படி அச்சாகும்?"

"'ம்'னேன்."

வெர்னா பத்திரிகையை நாலாக மடித்தாள். பிறகு எட்டாக. "நாப்பத்தெட்டு வருஷத்துல என் பொறந்த நாள மட்டும்தான் மறந்தாரு. அது நோய் இல்ல. அது புருஷன்."

கார்லீனுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லலன்னா என்ன ஆகியிருக்கும்னு உனக்குத் தெரியாதாம்மா? மறுநாள் காலையில அவரு மிதவையில முடிச்சு விழுந்திருக்கும். அதுக்கு மறுநாள் கயிற அறுத்திருப்பானுங்க. எண்ணூறு கூண்டும் கடலுக்கு அடியில."

"அறுத்துட்டுப் போகட்டும். கூண்டு வேற வாங்கலாம்."

துறையில் அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஒருவன் ஊருக்கு ஆகாததைச் செய்தால் யாரும் வாசலுக்கு வந்து கத்துவதில்லை. கூண்டு கிடக்கும் இடத்தைக் காட்ட மேலே மிதக்கும் அவனுடைய மிதவையின் காம்பில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்தும் அவன் அடங்காவிட்டால் அடுத்த முறை கத்தி. ஆல்டனின் மஞ்சள் வெள்ளை மிதவைகளில் இந்த வாரம் ஒரு முடிச்சுகூட விழவில்லை. நோயாளிக்கு யாரும் முடிச்சுப் போடமாட்டார்கள்.

"சர்ச்சுல நீ பேசறே இல்ல?" என்றாள் வெர்னா.

"ஆமா."

"அங்க சொல்லு. ரெண்டே வாக்கியம். அவருக்கு ஞாபகம் நல்லா இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்."

"செவ்வாக்கிழம தேர்தல்மா."

"தெரியும். இன்னிக்கு சனிக்கிழம. இன்னிக்கு நாள் உங்கப்பாவோடது."

சொல்லிவிட்டுத் திரும்பி முதுகைக் காட்டினாள். கார்லீன் ஜிப்பை மேலே இழுத்தாள். பாதியில் துணி மாட்டிக்கொண்டது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

*

அந்த வாரத் திங்கட்கிழமை, மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நின்ற வேட்பாளர்கள் இருவரும் பள்ளி விளையாட்டரங்கத்தில் மேடையேறியிருந்தார்கள். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே இரண்டு மைக். கார்லீனை எதிர்த்து நின்றவர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். பேச்சு முழுக்க ஒரே விஷயம்: குளிர்காலத்தில் வெளிக்கடலில் கூண்டு போடுவதைத் தடுக்கலாமா, கூண்டிலிருந்து மிதவைக்கு ஏறும் செங்குத்துக் கயிறுகளைக் குறைக்கலாமா, மீதமிருக்கும் திமிங்கிலங்களுக்காக யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது.

கார்லீனிடம் ஒரு கேள்வி இருந்தது. எட்டு ஊரில் கேட்டு, எட்டு ஊரிலும் ஜெயித்த கேள்வி.

"இங்க உக்காந்திருக்கிற ஒருத்தர், ஒரே ஒருத்தர், நம்ம கயித்துல ஒரு திமிங்கிலம் மாட்டினதக் கண்ணால பாத்திருக்கீங்களா?"

கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். அந்த மௌனம்தான் அவளுடைய பேச்சிலேயே சிறந்த இடம். அன்றைக்கு அந்த மௌனத்தில் ஆறாவது வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"நாம பாத்தோமே, கார்லீன்," என்றார் ஆல்டன்.

சண்டைக்கு எழுந்தவர் குரலில்லை அது. கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறவளுக்கு எடுத்துக் கொடுப்பவரின் குரல்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஏப்ரல்ல. உன் இஞ்சின் கெட்டுப்போய் நீ என் படகுல வந்தியே, அப்போ. வாயச் சுத்தி நம்ம கயிறு. நம்ம கயித்துக்குப் போடற ஊதா அடையாளம் தெரிஞ்சுது. நீதானே கத்திய எடுத்துக் குடுத்தே? பாதிதான் அறுபட்டுச்சு. மீதியோட போயிருச்சு."

அப்படியேதான் நடந்தது. தகவல் சொல்லாதே அப்பா, நம்ம ஒருத்தரால துறை முழுக்க மூடிருவாங்க என்று அன்று கெஞ்சியவளும் அவள்தான். அவர் சொல்லவில்லை. இரண்டு வருடம், மனைவியைத் தவிர ஒருவரிடமும் சொல்லவில்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. மகள் கேட்டாள். பதில் சொன்னார்.

அரங்கத்தில் முந்நூறு முகங்கள் மெல்லத் திரும்பின. அவள் மூன்றை நினைத்தாள்: அவருடைய கூண்டு, தன்னுடைய கூண்டு, ஓட்டு. எதை முதலில் நினைத்தாள் என்பதை அதற்குப் பிறகு பலமுறை தனக்குத் தானே மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"மன்னிச்சுக்கங்க," என்று மைக்கில் சொன்னாள். குரல் தானாகவே இளகியது, அதுதான் கொடுமை. "அப்பாவுக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் தடுமாறுது. டிவியில பாத்ததெல்லாம் தனக்கு நடந்த மாதிரி தோணும். வீட்டுல பாத்துக்கறோம். அவரு இன்னிக்கு வந்ததே எனக்குப் பெரிசு. எல்லாரும் அவருக்காக ஒரு தடவ கை தட்டுவீங்களா?"

தட்டினார்கள். கால்நடை மருத்துவரும் தட்டினார். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். ஆல்டன் அந்த ஓசைக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றார். மகளைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தார்.

புதன்கிழமை அவர் தனியாகக் கடலுக்குப் போனார். மதியம் வேறொரு படகுக்காரன் பார்த்தபோது அவருடைய படகு மெதுவாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. கயிறு இழுக்கும் உருளை நிற்கவில்லை. அவர் குப்புறக் கிடந்தார். இதயம் என்றார்கள்.

*

தேவாலயத்துக்கு வெளியே நின்ற வண்டிகளில் பாதியில் கார்லீனின் பெயர் ஒட்டியிருந்தது. உள்ளே மீனவர்கள் சலவைச் சட்டை போட்டு, கழுத்துப் பட்டனை மூச்சுமுட்டப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

போதகர் அழைத்ததும் அவள் எழுந்தாள். கையில் தாள் இருந்தது, அதைப் பார்க்கவில்லை.

"எங்கப்பா," என்றாள், "சினையோட வர்ற சிங்கிய ஒரு நாளும் விட்டதில்ல. நான் சொல்றது, வாலுல வெட்டுப் போடாம விட்டதில்ல. எத்தன குளிர்னாலும் கையுறையக் கழட்டிட்டுத்தான் வெட்டுவாரு. அதுக்கு வலிக்கக் கூடாதாம்."

சிரிப்பும் மூக்குறிஞ்சலும் எழுந்தன. அந்த வெட்டு இருந்தால் அதை வேறு எவனும் பிடித்து விற்கக் கூடாது. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் ஆல்டன் வெட்டிய வால்களைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கடலில் போட்டவர்கள்தாம்.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள். முன்வரிசையில் வெர்னா நிமிர்ந்தாள். "அப்பாவுக்குக் கடைசி நாள் வரைக்கும் எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருந்துச்சு."

சொல்லிவிட்டாள். ஏதோ இடியப் போகிறது என்று காத்திருந்தாள். ஒன்றும் இடியவில்லை. தலைகள் மெதுவாக ஆடின. இரண்டாவது வரிசையில் ஒருத்தி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு பக்கத்துக்காரியிடம் முணுமுணுத்தது மேடை வரை கேட்டது:

"பாவம், பொண்ணு மனசு ஏத்துக்க மாட்டேங்குது பாரு."

அன்பு என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது வாக்கியம் நாக்கின் மேலேயே இருந்தது. மூன்று சொல். கார்லீன் தாளை மடித்தாள். "நன்றி," என்றாள். இறங்கி வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு இருக்கு," என்றாள் வெர்னா, முன்னால் பார்த்தபடியே.

"அப்புறம்மா."

"அப்புறம் யாரு இருப்பா கேக்க?"

பியானோ ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் எழுந்தார்கள்.

*

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் சாப்பாடு. சுட்ட பீன்ஸ், முட்டை சாண்ட்விச், மூன்று விதமான ஆப்பிள் பை. வெர்னா உட்கார மறுத்தாள். காபிக் குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டு தானே ஊற்றிக்கொண்டு போனாள். "நீங்க உக்காருங்க வெர்னா" என்றவர்களுக்கு, "உக்காந்தா நீங்கள்லாம் வந்து என் கையப் பிடிப்பீங்க" என்றாள்.

ரஸ்ஸல் கார்லீனைச் சுவரோரமாக நிறுத்தினான். ஒன்பது வருடம் ஆல்டனோடு படகில் போனவன், நாற்பது வயதுக்காரன். தட்டில் எடுத்த ஆப்பிள் பை அப்படியே இருந்தது.

"உன்கிட்ட சொல்லாம சாப்பிட முடியல."

"என்ன ரஸ்?"

"புதன்கிழம நான் போகல. முதுகு வலின்னு சொன்னேன். முதுகுக்கு ஒண்ணும் இல்ல."

கார்லீன் தட்டை வாங்கக் கை நீட்டினாள். அவன் விடவில்லை.

"என் வீட்டுக்காரி சொன்னா. 'புத்தி தடுமாறுற ஆளு, கயிறு ஓடறப்ப உன் கால் எங்க இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்'னா. ரெண்டு பிள்ளைங்க இருக்கு. பயந்துட்டேன். ஒம்பது வருஷத்துல என் கால் எங்க இருக்குன்னு அந்த மனுஷன் ஒரு தடவ பாக்காம இருந்ததில்ல. அப்படியும் பயந்துட்டேன்."

"ரஸ்..."

"போன்ல சொன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'பரவால்லடா, எனக்குப் புரியுது'ன்னாரு. முதுகு வலிக்கு யாராவது புரியுதுன்னு சொல்வாங்களா? தெரிஞ்சுபோச்சு அவருக்கு." அவன் கண்ணைத் துடைக்கவில்லை, தட்டைப் பிடித்திருந்ததால் துடைக்க முடியவில்லை. "நான் அங்க இருந்திருந்தா ரேடியோவுல கூப்பிட்டிருப்பேன். நெஞ்ச அமுக்கியிருப்பேன். நான் போயிருக்கணும், கார்லீன்."

உன் மேல் தப்பில்லை, அவருக்கு ஒன்றுமில்லை, நான்தான் சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அவனுடைய தட்டு லேசாகிவிடும். அதற்குள் யாரோ கடந்துபோகிறவர் அவள் தோளில் தட்டி, "செவ்வாக்கிழம பாத்துக்கலாம், நாங்க இருக்கோம்" என்றார். அவள் அவருக்குத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலையே ரஸ்ஸலுக்கும் மிச்சம் வைத்தாள்.

"நீ என்ன பண்ணுவே ரஸ்," என்றாள். "பிள்ளைங்க இருக்கு."

அவன் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு போனான். போகும்போது நன்றி வேறு சொன்னான்.

கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது அவளுக்கு. சமையலறைப் பக்கம் திரும்பியவளை லோயிஸ் மறித்துக்கொண்டாள். பழைய தபால் ஆபீஸ்காரி. அவளுடைய கணவர் ஹார்லன், துறையின் பனிக்கட்டிக் கிடங்கை முப்பது வருடம் பார்த்துக்கொண்டவர், கொஞ்ச தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோட்டுப் பட்டன்கள் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தன. முழங்காலில் இருந்த காகிதக் கைக்குட்டையை விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார்.

"உன்னத் தனியாப் பிடிக்கணும்னு காலையிலேர்ந்து சுத்திட்டிருக்கேன் கண்ணு," என்றாள் லோயிஸ். "சாவு வீட்டுல இதெல்லாம் பேசலாமான்னு தெரியல."

"சொல்லுங்க லோயிஸ்."

"ஒரு வருஷமா மறைச்சுட்டிருந்தேன். ஹார்லனுக்கு. யாரையும் வீட்டுக்குக் கூப்பிடறதில்ல. போன் வந்தா அவரு பாத்ரூம்ல இருக்காருன்னு சொல்லிடுவேன். ஊர்ல அவருக்கு நாள் முழுக்க பாத்ரூம்தான்னு பேசிக்கிறாங்களாம்." தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தாள். கண் நிறைந்தது. "வெக்கமா இருந்துச்சுடி. அவர நெனச்சு நான் வெக்கப்பட்டேன், பாரேன். அப்புறம் திங்கக்கிழம நீ மேடையில நின்னு, எல்லார் முன்னாடியும், மைக்குல, எங்கப்பாவுக்கு இப்படின்னு சொன்னே. மொதல்ல எழுந்து நின்னு கை தட்டினது நான்தான். நீ பாத்தியான்னு தெரியல."

"பாத்தேன்."

"வீட்டுக்குப் போனேன், மறுநாளே டாக்டருக்கு போன் பண்ணிட்டேன். உன்னாலதான். உனக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லையேன்னு இருந்துச்சு."

காபிக் குடுவையோடு வந்துகொண்டிருந்த வெர்னா அவர்களுக்குப் பின்னால் நின்றாள். ஹார்லனின் கோப்பையில் ஊற்றச் சாய்த்த குடுவையை அப்படியே நிமிர்த்திக்கொண்டாள்.

"டாக்டரு வர்ற புதன்கிழம வரச் சொல்லியிருக்காரு," லோயிஸ் கார்லீனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எப்படி ஆரம்பிச்சுதுன்னு எழுதிட்டு வரச் சொன்னாரு. எனக்கு எங்கேர்ந்து எழுதறதுன்னே தெரியல. உனக்குத் தெரிஞ்சிருக்குமே. சொல்லு கண்ணு, உங்கப்பா மொதல்ல எத மறந்தாரு?"