நீச்சல்காரன் ஸ்லேயான்

மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் கப்பல் வேலைக்கு ஆள் எடுத்த அன்று ஸ்லேயானுக்குப் பதினேழு வயது. இருபது என்று கூசாமல் சொன்னான்.

"மீசை எங்கே?" என்றார் பேர் எழுதிய துரை.

"சண்டை முடிஞ்சதும் வளத்துக்கலாம்னு இருக்கேன் சார்."

துரை சிரித்துவிட்டார். வேலை கிடைத்துவிட்டது.

அக்கா ஜூவாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அம்மா அப்பா போனபின் அவனை வளர்த்தவள் அவள். கப்பல் வேலையே பிழைப்பான அவர்களுடைய க்ரூ சனங்களுக்குக் கடல் ஒன்றும் புதிதில்லை. ஆனால் அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் வருடம், உலகப் போர்க் காலம். தண்ணீருக்கடியில் நீர்மூழ்கிக் கப்பலில் ஜெர்மன்காரன் உலாவிக்கொண்டிருந்தான்.

"கப்பல உடைச்சிட்டா என்னடா பண்ணுவே?"

"நீந்தி வந்துருவேன்."

"லிவர்பூல்லேருந்தா?"

"வழியில எங்கயாச்சும் சாப்பிட்டுட்டு வரேன்க்கா."

முதல் பயணம் முடிந்து வரும்போது அக்காவுக்குக் கம்பளிக் கோட்டு வாங்கி வந்தான். கொளுத்துகிற வெயிலில் அதைப் போட்டுக்கொண்டுதான் ஜூவா சந்தைக்கு மீன் விற்கப் போனாள். மற்ற மீன்காரிகள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "உங்க தம்பிங்க என்னத்த வாங்கித் தந்தானுங்க?" என்று அவள் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இரண்டாம் பயணம் முடிந்தபோது அடுத்த தெரு நியேமாவைக் கட்டிக்கொள்ளப் பேசி முடித்தான். இன்னும் ஒரே ஒரு தடவை போய்விட்டு வந்து கல்யாணம் என்றான்.

மூன்றாம் பயணம் போனவன் வரவில்லை; மழை மாதத்தில் துக்பே வந்தான். ஸ்லேயானோடு அதே கப்பலில் வேலை பார்த்தவன். கூடவே கப்பல் சமையல்காரர், பருத்த வெள்ளைக்காரர் ஒருவர். ஜூவாவுக்கு அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஆனாலும் உட்காரச் சொன்னாள்.

"கப்பல் அடிபட்டதும் எல்லாரும் தண்ணியில குதிச்சோம்," என்றான் துக்பே. "நம்ம ஸ்லேயான் நாலு பேரை ஒவ்வொருத்தரா இழுத்துட்டு வந்து படகுல ஏத்துனான். நாலாவது ஆளு இவரு. 'யோவ், இனிமே கம்மியா தின்னு'ன்னு திட்டிக்கிட்டே தள்ளி ஏத்துனான். அஞ்சாவது ஆளுக்குத் திரும்பிப் போனப்ப, நம்ம காவல் கப்பலே ஜெர்மன்காரனப் பிடிக்கத் தண்ணிக்குள்ள குண்டு போட்டுச்சு. அவன இழுத்துப் படகுல போட்டோம், மேல ஒரு கீறல் இல்ல. உள்ள எல்லாம் நொறுங்கிப்போச்சு. பொழுது சாயுறதுக்குள்ள படகுலயே முடிஞ்சிடுச்சுக்கா. நியேமாவக் காத்திருக்க வேணாம்னு சொல்லச் சொன்னான்."

ஜூவா சமையல்காரர் பக்கம் திரும்பினாள்.

"கப்பல்ல ஒழுங்கா சாப்பிட்டானான்னு கேளு."

துக்பே கேட்டுச் சொன்னான்: "தினமும் சர்க்கரை திருடுவானாம். தெரிஞ்சும் இவரு டப்பாவப் பூட்டலையாம்."

"இங்கயும் அதே வேலைதான்," என்று சிரிக்கப் போனவள், அப்படியே உடைந்து அழுதாள். சமையல்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நியேமாவிடம் எப்படிச் சொல்வதென்று துக்பே தயங்கினான். ஜூவா எழுந்து முகம் கழுவிக்கொண்டாள்.

"நீ இரு. நான் சொல்லிக்கிறேன்," என்று மழையில் இறங்கி நடந்தாள்.