இருநூறு இடது கைகள்

என் வீட்டுக்காரர் இவர், சட்டைக் கம்பெனியில் துணி வெட்டுகிறவர். அதே கூடத்தில் ஏழாவது மெஷினில் தைக்கிறவள் நான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து கண் சொக்கி, இருநூறு சட்டைக்கும் இடது கையாகவே வெட்டிப் போட்டார். வலது கை ஒன்றுகூட இல்லை. கூடமே விழுந்து விழுந்து சிரித்தது, நானும்தான் சிரித்தேன். அன்றிலிருந்து காலையில் முதல் துணி அடுக்கை வெட்டி முடிக்காமல் இவர் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அப்படி ஒரு வீறாப்பு.

இந்த வருஷம் இவருக்குத் தோள்பட்டை வலி வந்தது. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி, தினமும் காலையில் தண்ணீரோடு எடுத்து வைத்தது நான்தான். கொஞ்ச நேரத்தில் கை லேசாகிவிடும்; எனக்கும் நிம்மதி. போன வாரம் பார்த்தால், வெட்டும் மேஜை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்கிறார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல, சும்மா எரியுது. போய் வேலையப் பாரு."

அடுத்த அட்டை வாங்கப் போனபோது மருந்துக்கடை அம்மா, "சாப்பிட்டுட்டுத்தானே போடறாரு?" என்று கேட்டார்.

"இல்லைங்க, வெறும் வயித்துல. மூணு மாசமா. இப்ப வயிறு எரியுதுங்கறாரு."

அவர் எடுத்த அட்டையை மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"பாரசிட்டமால்னா வெறும் வயித்துல போடலாம். இது அந்த ரகம் இல்லம்மா, வயித்தப் புண்ணாக்கிடும். சாப்பிட்டுட்டுப் போட்டாலும் இத்தனை நாள் யாரையும் கேக்காம போடக் கூடாது. வெளிக்குக் கருப்பாப் போகுதான்னும் கேளுங்க, போனா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

எடுத்துக் கொடுத்த கை என்னுடையதுதானே.

டாக்டர் அந்த மாத்திரையை அடியோடு நிறுத்தினார். வயிற்றுக்கு மருந்து எழுதி, காலையில் கட்டாயம் சாப்பிடச் சொன்னார். இவர் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும், "மொத அடுக்கு முடியட்டும், அப்புறம் சாப்பிடறேன்" என்றாரே பார்க்கலாம்! எனக்கு வந்த கோபத்தில் வழி நெடுக இவரைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தேன்.

மறுநாள் துணி அடுக்கு விரித்தாயிற்று. இவர் கை வெட்டும் மெஷின் சுவிட்சுக்குப் போனது. நான் எழுந்து போய், எல்லார் முன்னாலும் ரொட்டியை நீட்டினேன். பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"வேணாம்டி. தப்பா வெட்டிட்டா மானம் போயிடும்."

"போகட்டும். தைக்கிறவ நான்தானே? எல்லாம் இடது கையா வந்தாலும் தைச்சுத் தள்ளறேன். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னத்தத் தைப்பேன்?"

யாரும் சிரிக்கவில்லை.

இவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்து ரொட்டியை வாங்கினார். ஒரு கடி கடித்து, மென்றுகொண்டே, சாக்பீஸால் கோடு போட்ட துணியை இடமிருந்து வலமாக ஒரு தடவை பார்த்தார். வலமிருந்து இடமாக இன்னொரு தடவை. வெள்ளை ரொட்டியில் இவர் விரல்கள் நீலச் சாக்பீஸ் பொடியாகப் பதிந்திருந்தன.