கடைசிக் காட்சி

2019 மார்ச் 4, திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, வேப்பனூர் பெண்கள் சிறையில் ஒரு குற்றப் படத்தின் படப்பிடிப்பு தொடங்கியது. காட்சிக்குக் காட்சி ஆள் மாறித் தெரிந்து கண்டினியூட்டி கெடக்கூடாது என்பதால், படம் முடியும்வரை கைதிகளுக்கும் அவர்களுடைய குழந்தைகளுக்கும் வயது ஏறாது என்று கண்காணிப்பாளர் சுற்றறிக்கை விட்டார். கைதிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

சிறையில் குழந்தை ஆறு வயதுவரைதான் அம்மாவோடு இருக்கலாம். என் மகள் ரோஸ்லினுக்கு மறுநாள் ஆறு முடிய இருந்தது.

மற்றக் காட்சிகளை எடுத்துவிட்டார்கள். கடைசிக் காட்சி என்னுடையது. மகளை வாசல்வரை கூட்டிப் போய், "போயிட்டு வா" என்று சொல்ல வேண்டும். மகளாக ரோஸ்லினே நடித்தாள்.

"சாப்டியா?" என்றேன்.

"கட். ரெண்டே வார்த்தைம்மா," என்றார் இயக்குநர் தவசி.

"மறந்துபோச்சு சார்."

"ஒன் மோர்."

இரண்டாவது டேக்கில், "தலையைக் காட்டு, பேன் பாக்கணும்" என்றேன்.

நானூறாவது டேக்கில் நடைபாதை நீண்டுவிட்டது. வாசலை அடைய முற்பகல் முழுவதும் ஆயிற்று. வழியில் இரண்டு இடங்களில் தண்ணீர்ப்பந்தல் வைத்தார்கள்.

பக்கத்து அறை பரிமளா தினமும் வந்தாள்.

"இன்னைக்கும் சொதப்பிடுக்கா. எம் பையனுக்குச் சனிக்கிழமை ஆறு முடியுது."

"சனிக்கிழமை வராதுடி."

"வந்துட்டா?"

நாட்காட்டி அந்தத் திங்கட்கிழமையிலேயே நின்றது. தண்டனையும் நகரவில்லை. என் ஏழு ஆண்டுகளில் ஒரு நாள்கூடக் கழியவில்லை. யாரும் குறை சொல்லவில்லை.

இரண்டாயிரத்துப் பதினோராவது டேக்கில் ரோஸ்லின் பாதி வழியில் நின்றாள்.

"அம்மா, பல்லு ஆடுது."

"ஆடட்டும்."

"மொதல்லேர்ந்து ஆடுது. விழவே மாட்டேங்குது. வலிக்குதும்மா."

பார்த்தேன். கீழ் முன்பல். ஈறு வீங்கியிருந்தது. அவள் எப்போது கடைசியாகச் சாப்பிட்டாள் என்று எனக்கு நினைவில்லை.

கண்டினியூட்டி பார்க்கும் பெண் ஒரு புகைப்படத்தைக் காட்டினாள்.

"மொத ஷாட்ல பல் இருக்கு. இருந்தாகணும்."

"எத்தனை நாளைக்கு?"

"அது உங்க கையிலதான் இருக்கு."

மீதி வழியை நடந்தோம். ரோஸ்லின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"போயிட்டு வா," என்றேன்.

"ஓகே," என்றார் தவசி. "கொஞ்சம் அழுதிருக்கலாம். பரவால்ல."

பரிமளா மகனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒன்று இருபதுக்குப் படப்பிடிப்பு முடிந்ததென்று பூசணிக்காய் உடைத்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குழந்தைகள் இல்லத்து வேன் வந்து ரோஸ்லினை ஏற்றிச் சென்றது. கைதிகளுக்கு வாசல்வரை போக அனுமதி இல்லை.