விழ மறுத்த ஊசி

ரப்பர் கிட்டங்கியை ஒட்டி ஜப்பான்காரன் புதுக் கொட்டகை போட்டான். பழைய கிட்டங்கியின் கூரையில் வெள்ளைக்காரன் காலத்து ஸ்பிரிங்க்ளர் குழாய் ஓடுகிறது. தீயின் சூடு பட்டால் தானே திறந்து தண்ணீர் கொட்டும். அதைக் கொட்டகைக்கும் நீட்டச் சொல்லி உத்தரவு. நீட்டலாம். தண்ணீருக்கு எங்கே போவது? மலாக்காவில் எங்கள் காஜா பெராங் பகுதி முழுக்க ஒரே பெரிய குழாய். கிட்டங்கிக்கும் அதுதான், தெருவுக்கும் அதுதான்.

நான் மருதமுத்து, குழாய் வேலைக்காரன். "தண்ணீர் பத்தாது" என்று வாயால் சொன்னால் நாசவேலை என்பார்கள். அடுத்த லாரியில் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே போன என் மச்சான் திரும்பவில்லை. பேசாமல் நீட்டினாலோ, தீப்பிடிக்கிற அன்றைக்குத் தலை போகும். அதனால் அதிகாரியின் கண்ணுக்கே காட்டிவிட முடிவு செய்தேன். சாயங்காலம் எல்லா வீட்டிலும் தண்ணீர் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் கிட்டங்கி வாசலில் அழுத்த மீட்டரை மாட்டி, பக்கத்துக் குழாயைத் திறந்தால் ஊசி பொத்தென்று விழும். விழுந்தால் அவரே தொட்டி கட்டச் சொல்வார்.

அதிகாரி வந்தார். திறந்தேன். ஊசி லேசாக அசைந்து நின்றுவிட்டது. மீட்டரைத் தட்டினேன். இன்னொரு குழாயையும் திறந்தேன். ஊசிக்கு வெட்கமே இல்லை.

"நல்ல தண்ணி, நீட்டுங்கிறாரு," என்றார் மொழிபெயர்ப்பாளர் கருணாகரன். "தீ பிடிச்சு தண்ணி வரலன்னா உங்க தலைதானாம்."

வீடு திரும்பும் வழியில் காலிக் குடங்களோடு தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது.

என் மனைவி ருக்மணி வாசலிலேயே நின்றாள். "ஊசி விழலையேங்க? ஊசி விழும், ஊசி விழும்னு காலையில பொலம்புனீங்கள்ல, விழுந்தா உங்க கதி என்னாகுமோன்னு பயந்துட்டேன். வீடு வீடா போயி பைப்ப மூட வச்சேன். தமிழ் பேசாத மலாக்கா செட்டி வீடுங்கள்ல மலாய்ல கெஞ்சினேன். யாரும் ஒரு சொட்டு பிடிக்கல லா!"

வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்பேனரை எறிந்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. எனக்காகத் தெருத் தெருவாகக் கெஞ்ச இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

குழாயை நீட்டியாகிவிட்டது. தீ என்றதும் ஊரே வாளியோடு குழாயைத் திறக்கும். ஆகவே ருக்மணிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்: எல்லாரும் கிட்டங்கிப் பக்கம் ஓடும்போது அவள் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடி, வீடு வீடாக மூடச் சொல்ல வேண்டும்.

இப்போதெல்லாம் செருப்பை வாசலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் அவள் உலை வைக்கிறாள்.