பயில்வான் உறை

இசைத்தட்டுக் கடையை இன்றோடு மூடுகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து கீறலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கீறல் விழுந்த தட்டுபோல் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதால் கடைக்கார அண்ணன் வைத்த பெயர் அது. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. ஆபீசில் வயிற்றுவலி என்று பொய் சொன்னான். கடைக்கு ஓடிவந்தான்.

விஷயம் இதுதான். கல்லூரியில் படிக்கும்போது அம்மா ஓர் இசைத்தட்டில் கோரஸ் பாடியிருக்கிறாள். இரண்டாம் வரிசை, வெறும் 'ஆ... ஆ...' மட்டும். அப்பா நம்பவில்லை. "பாடகியம்மா, குளிக்கத் துண்டு எங்க?" என்று கிண்டலாகக் கேட்டுக் கேட்டே காலத்தை ஓட்டிவிட்டார். எந்தக் கேள்வியும் முடியுமுன்னே பதில் சொல்லிவிடும் அம்மா, அந்தக் கிண்டலுக்கு மட்டும் வாயே திறப்பதில்லை.

அந்தத் தட்டு இந்தக் கடையில் ஒன்றே ஒன்று இருந்தது. கையில் காசில்லாத மாணவப் பருவத்தில், வேறு எவனும் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதென்று, ஓர் உடற்பயிற்சித் தட்டின் உறைக்குள் அதை ஒளித்து வைத்தான். அட்டையில் ஒரு பயில்வான் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பான். ஏழு ஜென்மத்துக்கும் விற்காத சரக்கு. பிறகு வேலை வந்தது. 'எங்கே ஓடிவிடப் போகிறது' என்ற நினைப்பும் கூடவே வந்தது.

இப்போது ஓடிக்கொண்டிருந்தது. கல்லாவுக்கு முன் நின்ற, கடைக்கு வழக்கமாக வரும் பல் டாக்டரின் கக்கத்தில் பயில்வான் சிரித்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர், அது எனக்கு வேணும்."

"உங்க உடம்பைப் பாத்தாலே தெரியுது தம்பி. ஆனா க்ளினிக் சுவத்துக்கு எனக்கு இந்தப் பல்லு வேணும்."

"அட்டையை நீங்களே வெச்சுக்குங்க. உள்ள இருக்கறத மட்டும் குடுங்க."

டாக்டரின் பிடி இறுகியது. "அது உங்களுக்கு எதுக்கு?"

"குனிஞ்சு நிமிர."

"நானும் குனிஞ்சு நிமிரணும்."

ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்ததில் தட்டு நழுவிக் கல்லா மேல் விழுந்தது. அண்ணன் எடுத்துத் தட்டின் மேலிருந்த பெயரைப் படித்தார். "ட்ரம்பெட்டு."

டாக்டர் தரையைப் பார்த்தார்.

"நீங்களும் ஒளிச்சீங்களா?" என்றான் கீறல்.

"வீட்டுக்காரிக்கு ட்ரம்பெட்டுன்னாலே தலைவலி. அவ ஊருக்குப் போறப்ப வாங்கலாம்னு வெச்சேன். போவேனாங்கறா."

"அப்ப இதுல இருந்த தட்டு?"

"ட்ரம்பெட் உறையில. தாலாட்டுக்குப் பின்னாடி."

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கள மாதிரி ஆளுங்க உறை மாத்தினதால, வாங்கிட்டுப் போறவன் மறுநாளே வந்து நிப்பான். வீணைன்னு குடுத்தீங்க, சிரிப்பு நாடகம் ஓடுதுங்கறான். நான் கம்பெனிக்காரனோட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். கடையை ஏன்ணே மூடுறீங்கன்னு நேத்து ரெண்டு பேரும் துக்கம் விசாரிச்சீங்களே... நல்லா இருங்கப்பா."

கீறல் தாலாட்டு அடுக்குக்குப் பாய்ந்தான். ட்ரம்பெட் உறைக்குள் அம்மாவின் தட்டு இருந்தது. கடையின் ரெக்கார்டு ப்ளேயரில் அண்ணனே போட்டார். கீறல் வீட்டுக்குப் போன் செய்து, அப்பா எடுத்ததும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்தான்.

வயலின் ஓய்ந்தது. கோரஸ் மூச்செடுக்கும் முன்பே ஒரே ஒரு 'ஆ' தனியாகக் குதித்தது. மற்றவர்கள் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள்.

"யாருடா அது, முந்திரிக்கொட்டை மாதிரி..." என்ற அப்பாவின் குரல் பாதியில் நின்றது. பிறகு, வேறு குரலில், "பாடகியம்மா, இங்க கொஞ்சம் வா. இது..."

"நான்தான்!" என்றாள் அம்மா.

அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஊசியைத் தூக்க வந்தார்.

"இன்னொரு தடவைண்ணே," என்றான் கீறல். "இன்னொரு தடவை. ஒரே ஒரு தடவைண்ணே."