ரப்பர் வைக்காத தரை

தகட்டின் ஓரத்தில் திருப்புளியை விட்டு நெம்பியதும் உள்ளேயிருந்து வந்த நாற்றத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நான் வைத்திக்குப்பத்தில் பிறந்து வைத்திக்குப்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். மீன் வாடை எனக்கு ஒரு வாடையே இல்லை. இது வேறு. வண்டித் தரையின் அலுமினியத் தகட்டுக்கும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே மாதக்கணக்கில் தேங்கி அழுகிய ஐஸ் தண்ணீர், அதில் நெளியும் புழுக்கள், சுற்றிலும் சுண்ணாம்பைக் குழைத்து அப்பியது போல வெள்ளைப் பொடி. விரலால் அழுத்தினேன். தகடு அப்பளமாக நொறுங்கி, கீழே தார் ரோடு தெரிந்தது.

இந்தக் குட்டி யானை வண்டியின் தொட்டியைக் கழற்றிவிட்டு, மீன் ஏற்றுவதற்கென்று தனியாகப் பாடி கட்டித் தந்தவன் என் கூடப் பிறந்த அண்ணன் கமலக்கண்ணன். மூலக்குளத்தில் பட்டறை வைத்திருக்கிறான். கட்டி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் முகிலன் தினமும் கடல் தண்ணீரை மொண்டு ஊற்றித்தான் வண்டியைக் கழுவுவார். கரையோரத்தில் எல்லோரும் அப்படித்தான், குழாயில் தண்ணீர் வரும்வரை யார் காத்திருப்பது? பட்டறைக்குப் போய் நான் கேட்டதும் அண்ணன் அதையே பிடித்துக்கொண்டான்.

"உப்புத் தண்ணிய ஊத்துனா எந்த பாடிதான் நிக்கும்? மாப்ளகிட்ட சொல்லி வையி."

அன்றைக்கு அவன் கையில் வேறொரு வண்டி இருந்தது, யாரோ ஐஸ்கிரீம் வியாபாரியுடையது. இரும்புச் சட்டத்தின் மேல் கறுப்பு ரப்பர் பட்டையை ஒட்டி, அதன் மேல் அலுமினியத் தகட்டை வைத்து ரிவிட் அடித்துக்கொண்டிருந்தான். ரப்பர் எதற்கு என்று வியாபாரி கேட்டார்.

"இரும்பும் அலுமினியமும் நேரா தொடக்கூடாது சார். நடுவுல உப்பு ஈரம் பட்டுச்சின்னா அலுமினியத்த அரிச்சுடும். ரப்பர் இருந்தா ஒண்ணும் ஆவாது."

சொல்லி முடித்த பிறகுதான் நான் பக்கத்தில் நிற்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"எங்க வண்டில ஏண்ணா வெக்கல?" என்றேன்.

"நீ அவசரம் அவசரம்னு நின்ன. வுடு, மேல ஒரு தகடு போட்டு அடிச்சித் தரேன். ஆடித் தேருக்கு முன்னாடி ரெடி."

நான் எங்கே அவசரப்படுத்தினேன்? அவன் கூப்பிடட்டும் என்று ஒரு மாதம் காத்திருந்தவள் நான். ஊராருக்கு ரப்பர், தங்கச்சிக்கு வெறும் தகடு. தங்கச்சி எங்கே போய்க் கேட்கப் போகிறாள் என்ற தைரியம். புழுவைப் பார்த்தபோது வந்ததைவிட அண்ணன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஆடித் தேருக்கு வீராம்பட்டினம் அம்மன் கோயிலுக்குப் போக எங்கள் தெருவில் பாதிப் பேர் எங்கள் வண்டியில்தான் நின்றுகொண்டு போவார்கள். தேரன்று காலையில்தான் பட்டறையிலிருந்து வண்டி வந்தது. புதுத் தகடு பளபளத்தது. முகிலன் பினாயில் ஊற்றிக் கழுவி வேப்பிலை கட்டினார். நான் குனிந்து அடியில் பார்த்தேன். பழைய தகடு, பொடி, எல்லாம் அப்படியே இருந்தன. அழுகலின் மேல் போர்வையைப் போர்த்திவிட்டிருந்தான்.

"பழச பிக்கவே இல்லியேங்க," என்றேன் முகிலனிடம்.

"மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும். நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிக்காத," என்று சொல்லிவிட்டு முன்னால் போய் ஏறிக்கொண்டார்.

அண்ணனும் குடும்பத்தோடு வந்திருந்தான். தரை தாங்குமா என்று அவனிடமே கேட்டேன்.

"தெருவே ஏறுனாலும் தாங்கும், போ."

என் மாமியார் ராஜாம்பாள் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையோடு முதலில் ஏறினார். பெண்களும் பிள்ளைகளுமாக வண்டி நிறைந்தது. தெருவில் வைத்துச் சொன்னால் அண்ணனுடைய பெயர் அன்றோடு போய்விடும். அதற்குப் பயந்து நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்போது அண்ணன் மகள் பூர்ணிமா ஓடி வந்து பின்பக்கமாகத் தொற்றி ஏறினாள். அவள் கால் தகட்டில் பட்டதும் அண்ணன் ஒரே எட்டில் வந்து அவளை இறக்கி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டான்.

"வேணாம்மா. நாம ஸ்கூட்டர்ல போலாம்."

"ஏண்ணா, தாங்கும்னியே?"

"புள்ளக்கி வெயிலு ஒத்துக்காது."

வெயில் இன்னும் தெருவுக்குள் வரவில்லை. என் வாயில் கசப்பாக ஊறியது. காறித் துப்பினேன்.

"எல்லாரும் எறங்குங்க," என்றேன்.

"இன்னாடி ஆச்சி ஒனக்கு?" என்றார் மாமியார்.

"எங்கண்ணன் அவன் பொண்ண எறக்குனான், பாத்தீங்கல்ல அத்த. நீங்களும் எறங்குங்க."

மாமியார் அவனைப் பார்த்தார். அவன் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு கைக்குழந்தையை என்னிடம் நீட்டிவிட்டு, பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள்.

முன்னாலிருந்து முகிலன் கிளம்பலாமா என்று ஹாரன் அடித்தார். யாரும் ஏறவில்லை. பூர்ணிமா மட்டும் புதுப் பாவாடைக்குள் காலை உதைத்துக்கொண்டு, வண்டியைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாள். அண்ணன் அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.