மூலை மேஜைக்கு இரண்டு கிளாஸ்

வோலோஸ் துறைமுகத்தில் கடலைப் பார்த்த கடைகள் ஏராளம். மலாமாவின் கடைக்கு வருகிறவர்கள் கடலைப் பார்க்க வருவதில்லை. வாரக் கடைசியில் ஏதென்ஸிலிருந்து வந்து இறங்கும் கூட்டம் மட்டும் உட்கார்ந்ததும் கையை நீட்டி மெனு கேட்கும். பரிமாறும் பொலிதோரஸ் அதற்காகவே காத்திருப்பார். அறுபது வயது. தட்டுத் தூக்கியே ஒரு தோள் இறங்கிப் போனவர்.

"மெனுவா? மருந்துக்கடைல போய்க் கேளு தம்பி. இங்க குடிக்கிறது மட்டும்தான் உன் வேலை. என்ன திங்கணும்னு உள்ள நிக்கிறவ முடிவு பண்ணுவா."

ஊர் வழக்கம் அதுதான். சிப்பூரோ என்கிற திராட்சைச் சாராயம் சின்னக் குப்பியில் வரும், குப்பிக்கு ஒரு தட்டு கூடவே வரும். முதல் குப்பிக்கு ஆலிவும் ஊறுகாயும், அடுத்ததற்கு வறுத்த நெத்திலி, அப்புறம் மட்டியோ இறாலோ. நாலாவது குப்பியைத் தொட்டவனுக்குத்தான் முழு மீன். அதற்கு முன்னால் எழுந்து போகிறவனை மனிதனாகவே மதிக்கமாட்டார்கள்.

உள்ளே அடுப்பில் நிற்கிற ஆர்கிரோவுக்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. "ரெண்டாவது, வாசலுக்கு! நாலாவது, மூலைக்கு!" என்று பொலிதோரஸ் கத்துவது மட்டும் கேட்கும். ஆனால் திரும்பி வருகிற தட்டைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவாள். இறால் தலையை உறிஞ்சாமல் விட்டிருந்தால் ஏதென்ஸ்காரன். எண்ணெயை ரொட்டியால் துடைத்திருந்தால் படகுக்காரன். இருபது வருஷமாக அவள் ஊரைத் தெரிந்துகொண்டது எச்சில் தட்டுகளின் வழியாகத்தான்.

ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, சூரியன் உச்சியில் நின்ற நேரத்தில், மூலை மேஜையிலிருந்து ஒரு தட்டு வந்தது. மீனின் நடுமுள் ஒரு துணுக்குச் சதைகூட இல்லாமல் தட்டின் விளிம்போடு விளிம்பாக நேராகப் படுத்திருந்தது. தலை அடுப்படியைப் பார்த்திருந்தது. அந்தத் தலையின் மேல், பிழிந்த எலுமிச்சைத் தோல் தொப்பி மாதிரி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

ஆர்கிரோவின் கை கரண்டியோடு நின்றுவிட்டது.

உலகத்தில் ஒரே ஒருவன்தான் மீனுக்குத் தொப்பி போடுவான். அவள் புருஷன் அனெஸ்திஸ். "ஐயா சாப்பாடு முடிஞ்சு கிளம்பிட்டார்" என்று அந்தத் தலையைக் காட்டி அவளைச் சிரிக்க வைப்பான். அந்த அனெஸ்திஸ் மூன்று வருஷத்துக்கு முன்னால் படகில் போனவன். திரிக்கேரி முனைக்கு அப்பால் படகு கவிழ்ந்து கிடந்தது. ஆள் கிடைக்கவில்லை.

எண்ணெய் காய்ந்துகொண்டிருப்பதை மறந்து வெளியே ஓடினாள். கடையின் பக்கவாட்டில், மரத்தடியில் மூலை மேஜை காலியாக இருந்தது. இரண்டு கிளாஸ்கள் இருந்தன.

"யாரு உக்காந்திருந்தது?"

"ஒல்லியா ஒருத்தன்" என்றார் பொலிதோரஸ். "தொப்பி, கறுப்புக் கண்ணாடி. தனியாத்தான் வந்தான், ரெண்டு கிளாஸ் கேட்டான். கூட்டாளி வருவான்னு நெனச்சேன். எவனும் வரல. ஏன், உப்பு கூடிப் போச்சுன்னு சொல்லி அனுப்பிச்சானா?"

உள்ளே கருகிய வாசனையும் மலாமாவின் கத்தலும் ஒன்றாகக் கிளம்பின.

மலாமா, அனெஸ்திஸின் அக்கா. கடை அவளுடையது. வாய் ஊருக்கே பொதுவானது. தம்பி போன நாளிலிருந்து துக்கத்துக்கான கறுப்புத் துணியை அவள் கழற்றவில்லை. ஆர்கிரோவோ கறுப்பைத் தொட்டதே இல்லை. ஞாயிறுதோறும் தேவாலயத்தில், பாதிரியார் வேண்டிக்கொள்வதற்காக ஆளாளுக்குப் பெயர் எழுதிச் சீட்டுக் கொடுப்பார்கள். உயிரோடு இருப்பவர்கள் ஒரு பக்கம், இறந்தவர்கள் ஒரு பக்கம். மூன்று வருஷமாக ஆர்கிரோ தன் சீட்டில் அனெஸ்திஸை உயிரோடு இருப்பவர்களில் எழுதினாள், மலாமா தன் சீட்டில் இறந்தவர்களில் எழுதினாள். பாவம் பாதிரியார், ஒரே ஆளின் ஆரோக்கியத்துக்கும் ஆன்ம சாந்திக்கும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டிருந்தார்.

"இந்தச் சனிக்கிழமை ஆன்மாக்களோட சனிக்கிழமை" என்றாள் மலாமா, கருகிய சட்டியைத் தேய்த்துக்கொண்டே. "ஊர்ல எல்லா வீட்லயும் செத்தவங்களுக்குக் கோதுமை அவிக்கிறாங்க. எந்தம்பி மட்டும் மூணு வருஷமாப் பட்டினி கெடக்கான். பொண்டாட்டிக்காரி உங்கையால ஒரு பிடி அவிச்சா என்னடி கொறஞ்சு போகும்?"

"உசுரோட இருக்கறவருக்கு அவிச்சா அந்தக் கோதுமையே அவரக் கொன்னுடும் மதினி."

"உசுரோட இருக்கானாம்! இருந்தா எங்கடி இருக்கான்? எவ வீட்ல?"

"எவ வீட்லயாவது இருந்துட்டுப் போகட்டும். இருந்தாப் போதும்" என்றாள் ஆர்கிரோ.

அதை நிஜமாகவே சொன்னாள். மூலை மேஜையில் மூன்று மணிநேரத்துக்கு முன்னால் அவன் உட்கார்ந்திருந்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் கலைந்துவிடும் போலிருந்தது.

புதன்கிழமையும் தொப்பி போட்ட மீன் வந்தது. வியாழனும் வந்தது. இரண்டு நாளும் அவள் ஓடிப் போனபோது ஆள் போயிருந்தான். வெயிலில் தெரு வெறிச்சென்று கிடந்தது. தன் நிழலைத் தவிர வேறு நிழல் இல்லாத அந்தத் தெருவில் நின்றபோது, யாரோ பின்கழுத்தில் மூச்சு விடுவது போல அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நீலப் பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். மலாமா ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்யாணமா?"

"ஆமா" என்றாள் ஆர்கிரோ. "நாலாவது, மூலைக்கு!" என்று பொலிதோரஸின் குரல் கேட்டதும், "கரண்டியப் பிடிங்க மதினி" என்றாள். மீன் தட்டைப் பொலிதோரஸிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, தனக்கொரு கிளாஸும் ஒரு குப்பியும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

மூலையில் இருந்தவன் எழுந்து நின்றான். அனெஸ்திஸ் இல்லை. முப்பது வயதுக்குள் இருக்கும், கண்ணாடியைக் கழற்றிய கண்களில் தூக்கமே இல்லை.

ஆனாலும் அனெஸ்திஸிடமிருந்து இவன் சேதி கொண்டுவந்திருக்கலாமே. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு எதிர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று ஊற்றினாள்.

"இது கடையோடது. யாராயிருந்தாலும் நல்லாயிருங்க" என்று கிளாஸை அவன் கிளாஸோடு மோத நீட்டினாள்.

அவன் கிளாஸைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

பெரும்பகையாளி நீட்டினாலும் கிளாஸை மோதுவார்கள் இந்த ஊரில். மோதாமல் குடிப்பது ஒரே இடத்தில்தான். புதைத்துவிட்டு வந்த வீட்டில். அவன் கிளாஸைத் தாழப் பிடித்துக்கொண்டு, இறந்தவர்களுக்காக அங்கே சொல்கிற வார்த்தையை மெதுவாகச் சொன்னான்.

"ஆண்டவன் அவர மன்னிக்கட்டும்."

ஆர்கிரோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் பெயர் ரீசோஸ், திரிக்கேரிக்காரன். அன்றைக்கு ஒரே ஒரு நாள் வேலைக்கு அனெஸ்திஸ் அவனை வழியில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஊரில் யாருக்கும் தெரியாது.

"ஒரே ஒரு மிதவைதான் இருந்துச்சு அக்கா. அண்ணன் அத எங்கழுத்துல மாட்டிட்டாரு. அவரு கைய நாந்தான் பிடிச்சிட்டிருந்தேன்." அவன் நிறுத்தினான். "விட்டுட்டேன். கை மரத்துப் போச்சு, விட்டுட்டேன். காலைல இருந்து உங்க சமையலப் பத்தியேதான் பேசிட்டிருந்தாரு. கரைக்கு வந்ததும் மூலை மேஜைல உக்காருவோம், ரெண்டு கிளாஸ் போடச் சொல்லுவோம்னாரு. மூணு வருஷமா வரத் தைரியம் இல்ல. இந்த வாரம் தெனம் வந்தேன். உள்ள வந்து சொல்லத்தான் முடியல."

அவனை அறையலாம் என்று இருந்தது அவளுக்கு. கையைத் தூக்கவும் செய்தாள். கை தானாக மேஜையில் இறங்கியது.

"மீனுக்குத் தொப்பி போடறத அவருகிட்டதான் கத்துக்கிட்டியா?"

"எந்த மீனு?"

"நீ திங்கிற மீனு. தெனமும் முள்ள ஓரத்துல வெச்சு, தலைல எலுமிச்சைத் தோலு..."

ரீசோஸ் அவளை விசித்திரமாகப் பார்த்தான். "நான் மீனே திங்கிறதில்ல அக்கா. அன்னைலேர்ந்து வாய்ல வெக்க முடியல. ஆலிவு மட்டும்தான். மீன் தட்ட அவரு பக்கம் தள்ளி வெச்சிட்டு எந்திரிச்சுப் போயிடுவேன்."

இருவரும் ஒரே சமயத்தில் மேஜையைப் பார்த்தார்கள். எதிர் நாற்காலியின் முன்னால், ஆர்கிரோவின் முழங்கைக்குப் பக்கத்தில், சற்று முன் பொலிதோரஸ் வைத்துவிட்டுப் போன தட்டு. நடுமுள் விளிம்போடு நேராகக் கிடந்தது. தலையில் தொப்பி இருந்தது. ரீசோஸ் நிரப்பி வைத்திருந்த இரண்டாவது கிளாஸும் காலியாக இருந்தது. காற்று இல்லை, ஒரு பூனைகூட இல்லை, உச்சி வெயில் மட்டும் இருந்தது.

ரீசோஸ் சிலுவை போட்டுக்கொண்டான். ஆர்கிரோ கையை நீட்டி அந்தத் தோலைத் தொட்டாள். ஈரமாக இருந்தது.

"பட்டினின்னு மதினி சொன்னது நெசம்தான்" என்றாள்.

அன்று மாலையே கோதுமையை ஊற வைத்தாள். சனிக்கிழமை விடியலில் தன் கையால் அவித்து, சர்க்கரையும் மாதுளை முத்தும் கலந்து, தேவாலயத்துக்கு எடுத்துப் போனாள். சீட்டில் அனெஸ்திஸ் என்ற பெயரை மறுபக்கம் எழுதினாள். அவள் போட்டிருந்த கறுப்புச் சட்டை மலாமாவுடையது, தோளில் தொளதொளவென்று கிடந்தது. மலாமா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ரீசோஸ் வந்தான். மூலை மேஜைக்கு இரண்டு கிளாஸ் வைக்கும்படி ஆர்கிரோவே சொல்லியிருந்தாள். நாலாவது குப்பிக்கு, இருந்ததிலேயே நல்ல மீனை எடுத்து, அனெஸ்திஸுக்குப் பிடித்தபடி தோல் மொறுமொறுக்கப் பொரித்து அனுப்பினாள். பிறகு தட்டு திரும்பி வரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தட்டு திரும்பி வந்தது. மீன் வைத்தது வைத்தபடி இருந்தது. ஆறிப் போயிருந்தது. எலுமிச்சைத் துண்டு பிழியப்படாமல் பக்கத்தில் கிடந்தது.

"மூலைக்காரன் தொடவே இல்ல ஆர்கிரோ. திரும்பப் பொரிக்கவா, பூனைக்குப் போடவா?" என்று கேட்டார் பொலிதோரஸ்.

"ஐயா சாப்பாடு முடிஞ்சு கிளம்பிட்டார்" என்று ஆர்கிரோ அந்தத் தட்டை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். மூன்று வருஷமாக அழாதவள், பொரிக்கிற சட்டிக்கு முன்னால் நின்று வாய்விட்டு அழுதாள். மலாமா அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கி, அடுத்த மேஜையின் மீனைத் திருப்பிப் போட்டாள்.